ஏழுக்கு ஒன்று

சற்குணனிடம் ஏழு முறை தோற்றிருக்கிறேன்.
முதல் முறை பட்டர்வொர்த் பல்நோக்கு மண்டபம்.
நடுவர் லிம் 'கோ' என்று திறந்த வாயை
மூடுவதற்குள்
என் புறங்கை மெத்தையில் கிடந்தது.
தோற்றது போலவே இல்லை.
பஸ் போய்விட்ட நிறுத்தத்துக்கு
ஓடி வந்து நின்றவன் மாதிரி இருந்தது.
இத்தனைக்கும் நான்தான் பஸ் ஓட்டுகிறவன்,
விடிகாலை நான்கரைக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு
பாதித் தூக்கத்தில் இருக்கும் பெண்களை ஏற்றிப் போகிறவன்.

அவன் துறைமுகத்தில் கொள்கலன் கட்டுகிறவன்.
இரும்புக் கம்பியை முறுக்கி முறுக்கி
வலது முன்கை தனியாக வளர்ந்துவிட்டது.
தையல்காரர் அவனிடம் இரண்டு கைக்கும் அளவெடுப்பார்,
ஒரு கைக்குத்தான் கூலி கூட்டுவார்.

புக்கிட் மெர்தாஜாமில் இரண்டு தோல்வி.
நிபோங் திபாலில் ஒன்று,
மழை கூரையில் அடித்ததில் 'ரெடி' கேட்கவில்லை என்று
லிம்மிடம் வாதாடினேன்.
லிம் மறுபடி விட்டார்.
மறுபடி தோற்றேன். அதையும் சேர்த்தால் எட்டு,
சற்குணன் சேர்ப்பதில்லை.

அவன் கையை
அவன் மனைவி புனிதமலரைவிட
அதிக நேரம் பிடித்திருந்தவன் நான்.
ஆறாவது முறை நாற்பத்தோரு விநாடி.
சுண்ணத் தூளுக்கு அடியில் அந்த உள்ளங்கை
எப்போதும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.
இழுப்பதற்கு முன்
கட்டைவிரல் முட்டி ஒருமுறை துடிக்கும்.
யாரிடமும் சொன்னதில்லை.
தெரிந்து எனக்கும் பயன்பட்டதில்லை.

பிறகு ஜெலுத்தோங்.
பேரங்காடியின் கீழ்த்தளம், கைப்பேசி உறை விற்கும் கடைகளுக்கு நடுவே
மேசை போட்டிருந்தார்கள்.
நகரும் படியில் ஏறிப்போனவர்கள்
திரும்பி நின்றபடியே ஏறிப்போனார்கள்.
இரண்டு முறை பிடி நழுவியது.
லிம் எங்கள் மணிக்கட்டுகளைச் சேர்த்து வாரால் கட்டினார்.
முட்டி துடித்தது.
இந்த முறை நான் முந்திக்கொண்டேன்.

அவன் தோளைத் திருப்பினான்.
கையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது,
முதல் நாள் பழகுகிற பையனுக்கும் தெரியும்.
லிம் கத்தினார்.
சற்குணன் அப்போது
கூட்டத்தில் யாரையோ பார்த்தான்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில்
ஆயிரம் தேங்காய் உடையக் கேட்டிருக்கிறேன்.
இது அப்படியில்லை.
சூடான தேநீரை ஊற்றியதும்
ஐஸ்கட்டி விரியுமே, அது.
மேல்மாடி வரை கேட்டது என்கிறார்கள்.
நான் காதால் கேட்கவில்லை.

வார் அவிழவில்லை.
லிம்மின் விரல்கள் வேறு யாருடையவோ போல் நடுங்கின.
அவன் கை முழங்கைக்கு மேலே
தப்பான இடத்தில் மடிந்திருக்க,
உள்ளங்கை மட்டும்
இன்னும் என்னை விடாமல் பிடித்திருந்தது.
"அசையாதடா லூர்து" என்றான்.
ஒரு நிமிடம் இருக்கும். நான் மூச்சுகூட விடவில்லை.

ஒரு தகடு. ஒன்பது திருகு.
தாளில் என் பெயருக்கு நேரே வெற்றி என்று எழுதினார்கள்.
பரிசு அறுநூறு வெள்ளியைப் பொதுமருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.
எண்ணிப் பார்த்து, பாதியைத் தலையணைக்கடியில் வைத்தான்.
"எலும்பு என்னுடையது,
சத்தம் உன்னுடையது. மீதி உனக்கு."
புனிதமலர் என்னைப் பார்க்கவே இல்லை.
தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

பதினான்கு மாதம்.
நேற்று பிறை சாப்பாட்டுக் கடையில்
எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
வலது கை மடியில் கிடந்தது,
வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.
துறைமுகத்தில் இப்போது வாசல் சீட்டு கிழிக்கிறானாம்.
பேசிக்கொண்டே மேசையில் சிந்திய குழம்பை
கைக்குட்டையால் துடைத்தான்.
இடது முழங்கையை ஊன்றினான்.

நானும் ஊன்றினேன்.
அந்தக் கை எனக்குத் தெரியாத கை.
காய்ப்பு இல்லை. சூடாக இருந்தது.
முட்டியையே பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை அது.

"ரெடி" என்றான், லிம்மின் குரலிலேயே.
இரண்டு தட்டு மீ கோரெங்கோடு வந்த பையன்
எங்கே வைப்பதென்று தெரியாமல்
நின்றுகொண்டிருந்தான்.